எலியக்கா பிரித்த வேலி

எங்கள் ஊர் பாலைவனத்தின் விளிம்பில் இருக்கிறது. மேற்கே கடைசி வீட்டைத் தாண்டினால் பஸ் போகும் சாலை. சாலையைத் தாண்டினால் மணல். அதற்கப்புறமும் மணல்தான். காற்றுக்காலம் வந்துவிட்டால் அந்த மணல் அழைக்காத விருந்தாளி மாதிரி சாலையைத் தாண்டி உள்ளே வந்துவிடும். பள்ளிக்கூட வாசலில் மண்வெட்டி போட்டு அள்ளிய பிறகுதான் கதவைத் திறக்க முடியும். பஸ் ஓட்டுநர்கள் சாலை எது, மேடு எது என்று தெரியாமல் தலையை வெளியே நீட்டிக்கொண்டே ஓட்டுவார்கள்.

இந்த மணலை நிறுத்த அரசாங்கம் ஓர் அலுவலகம் வைத்தது. சாலைக்கு அந்தப் பக்கம் இருந்த பெரிய நிலப்பரப்பில், ஒவ்வொரு வருஷமும் மழைக்கு முன்னால் புல்விதை தூவினார்கள். அந்தப் புல் வேர் பிடித்தால் மணல் நகராது. ஆனால் வேர் பிடிக்க முதலில் முளைக்க வேண்டுமே! தூவிய விதை தூவிய சூட்டோடு காணாமல் போனது. எங்கே போனது என்று கண்டுபிடிக்கத்தான் எலியக்காவை வேலைக்கு எடுத்தார்கள்.

அப்போது அவருக்கு அந்தப் பெயர் வரவில்லை. விலங்கியல் படித்தவர். படித்து முடித்த கையோடு கல்யாணம், அடுத்து மகள், அடுத்து தானியக் கிடங்கு ஒன்றில் எலி அரித்த மூட்டைகளைக் கணக்கெடுக்கும் வேலை. கணவர் எங்கள் தெருமுனையில் வெல்டிங் பட்டறை வைத்திருந்தார். மாமியார் வீட்டையும், தெருவில் பாதியையும் நிர்வாகம் செய்துகொண்டிருந்தார். புதிய வேலையில் சேர்ந்த முதல் வாரமே, அக்கா மூடியில் ஓட்டை போட்ட ஒரு டப்பாவோடு வீட்டுக்கு வந்தார். மாமியார் அது தின்பண்டம் என்று நினைத்து ஆசையாகத் திறந்தார். உள்ளேயிருந்து, நீண்ட பின்னங்காலும் வால் நுனியில் குஞ்சமுமாக ஒரு பெரிய எலி எகிறிக் குதித்தது. மாமியார் மேஜைமேல் ஏறி நின்று போட்ட சத்தத்தில் பட்டறையில் வேலை நின்றுவிட்டது.

“இது கடிக்காது அத்தை. வெறும் விதைதான் தின்னும்!”

“அது என்ன தின்னா எனக்கென்னடி? முதல்ல அதைப் பிடி!”

அதை அலமாரிக்குப் பின்னாலிருந்து பிடிக்கப் பாதித் தெருவே வந்து சேர்ந்தது. அன்றைக்கு ஒட்டிக்கொண்டதுதான் எலியக்கா என்ற பெயர். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. யாராவது அப்படிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பார், அவ்வளவுதான்.

அந்த எலியை ஊரில் குதியன் என்பார்கள். நடக்காது, குதித்துக் குதித்துத்தான் போகும். கன்னத்துப் பையில் விதையை அடைத்துக்கொண்டு அது ஓடுவதைப் பார்க்காதவர்கள் எங்கள் ஊரில் இல்லை. விதைத் திருடன் அதுதான் என்பது ஊரின் ஒருமனதான தீர்ப்பு. அக்காவும் அதைத்தான் நம்பினார். நம்பியதோடு நிற்காமல் சோதித்தும் பார்த்தார்.

அவர் செய்தது இதுதான். அகலமான தட்டுகளில் சலித்த மணலைப் போட்டு, அதில் அளந்த விதையைக் கலந்து, நிலத்தில் அங்கங்கே வைத்துவிடுவார். பிராணிகள் வந்து கிளறித் தின்னும். தட்டில் விதை குறையக் குறைய, தேடும் பாடு அதிகமாகும். ஒரு கட்டத்தில் ‘இனி இங்கே மெனக்கெடுவதில் பயனில்லை’ என்று விட்டுவிட்டுப் போய்விடும். காலையில் அக்கா போய் மணலைச் சலித்து, மிச்ச விதையை எடை போடுவார். பக்கத்தில் பதிந்த தடத்தைப் பார்த்தால் வந்தது யாரென்று தெரியும். மிச்சத்தைப் பார்த்தால், வந்த ஆள் எவ்வளவு பசியோடு, எவ்வளவு பயத்தோடு தின்றது என்பதும் தெரியும். இதற்காக அவர் எடுத்துக்கொண்டு போனது வீட்டு மாவு சல்லடை. மாமியார் மூன்று சல்லடை வாங்கி மூன்றையும் பறிகொடுத்தபின், நாலாவதைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

தட்டுகள் சொன்ன செய்தி தெளிவாக இருந்தது. குதியன்தான் முதலில் வருகிறது, அதிகமாக எடுக்கிறது. சுண்டெலிகள் ஓரமாகப் பதுங்கி வந்து, கொஞ்சம் கொறித்துவிட்டு ஓடுகின்றன. விடிந்ததும் கொண்டை வானம்பாடிகள் மிச்சத்தைக் கொத்துகின்றன. வெயில் ஏறினால் கருப்பெறும்பு.

“பெரிய ஆள் ஒருத்தன்தான் மேடம்,” என்று அக்கா தன் மேலதிகாரியிடம் சொன்னார். “அவனை மட்டும் வெளிய நிறுத்திட்டா விதை பிழைச்சுக்கும்.”

மேலதிகாரி நரைத்த குட்டை முடியும், உரத்த சிரிப்பும் கொண்ட பெண்மணி. நல்ல யோசனை யாரிடமிருந்து வந்தாலும் அதற்காகச் சண்டை போடக்கூடியவர். தலைமை அலுவலகத்தோடு மல்லுக்கட்டி வேலிக்கு அனுமதி வாங்கினார். வேலியை அடித்தவர் அக்காவின் கணவர். தரைக்குக் கீழே முழங்கை ஆழத்துக்குக் கம்பிவலை, மேலே குதியன் தாவ முடியாதபடி வழுவழுப்பான தகடு. வலைக்கண்ணில் சுண்டெலி நுழையும், குதியன் நுழையாது. சின்னதுகள் தின்பதெல்லாம் ஒரு பொருட்டா என்று எல்லோரும் நினைத்தார்கள். உள்ளே இருந்த குதியன்களையெல்லாம் பொறி வைத்துப் பிடித்து வெளியே விட்டார்கள். விதை தூவினார்கள். வேலிக்கு வெளியேயும் வழக்கம்போலக் கொஞ்சம் தூவினார்கள். வேலி வெயிலில் பளபளத்தது. பட்டறைக்காரர் வருகிறவர் போகிறவரிடமெல்லாம், “நம்ம கைவேலை,” என்று காட்டினார்.

முதலில் எல்லாம் நன்றாகத்தான் போனது. தட்டுகளில் விதை நிறைய மிஞ்சியது. அக்கா தரையில் கால் பாவாமல் நடந்தார். பிறகு மெல்ல மெல்ல மிச்சம் குறைய ஆரம்பித்தது. காலையில் போய்ப் பார்த்தால் மணலில் குதியனின் தடம் ஒன்றுகூட இல்லை. ஆனால் பொடிப்பொடியாகச் சுண்டெலித் தடம், பூவேலை செய்த துணி மாதிரி. அக்கம்பக்கத்துச் சுண்டெலியெல்லாம் வலைக்கண் வழியாக உள்ளே குடியேறிவிட்டன. இதுவரை குதியனுக்குப் பயந்து பதுங்கிப் பதுங்கிக் கொறித்தவை, இப்போது நடுத்தட்டில் உட்கார்ந்து நிதானமாகத் தின்றன. குதியன் அலுத்துப்போய் விட்டுச் செல்லும் அளவுக்குக் கீழேயும் அவை துருவின. எறும்புப் புற்றுகள் பெருகி, பகல் முழுக்க விதை ஊர்வலம் நடந்தது. வானம்பாடிகளுக்குக் கொத்த ஒன்றும் இல்லாமல், அவை வேலிமேல் உட்கார்ந்து பார்த்துவிட்டுப் போயின.

மழை வந்தது. வேலிக்குள் ஒன்றும் முளைக்கவில்லை.

ஊர் சும்மா இருக்குமா? “எலியக்கா எலிங்களுக்குக் கோட்டை கட்டிக் கொடுத்திருக்காங்க!” என்று டீக்கடையில் சிரித்தார்கள். தலைமை அலுவலகத்திலிருந்து உத்தரவு வந்தது: இனி பரிசோதனை வேண்டாம், நிலம் முழுக்க விஷம் கலந்த தானியத்தைப் போட்டு எல்லாவற்றையும் ஒழித்துவிடுங்கள். மேலதிகாரி அதை அக்காவிடம் நீட்டியபோது அவர் முகத்தில் கோபம் இல்லை, களைப்புதான் இருந்தது. அதுதான் அக்காவுக்கு அதிகமாக வலித்தது. வீட்டுக்கு வந்து பாத்திரம் தேய்த்தார். தேய்த்ததையே மறுபடி தேய்த்தார். மாமியார் தலையணைக்கு அடியிலிருந்த சல்லடையை எடுத்து வந்து அவர் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார்.

மறுநாள் தட்டுகளை எடுத்துவரக் கணவரும் அக்காவும் வண்டியில் போனார்கள். கணவர் தட்டுகளை ஏற்றிக்கொண்டிருந்தார். அக்கா வேலிக்கு வெளிப்பக்கமாகக் கால்போன போக்கில் நடந்தார். கொஞ்ச தூரத்தில், வெற்று மணலில் பச்சையாக ஏதோ தெரிந்தது. குனிந்து பார்த்தார். புல்! ஒற்றைப் புல் அல்ல; ஒரே துளையிலிருந்து, நெருக்கியடித்துக்கொண்டு, பல் துலக்கும் பிரஷ் மாதிரி ஒரு கொத்து. தள்ளி இன்னொன்று. அந்தப் பக்கம் இன்னொன்று.

மண்டியிட்டு விரலால் மெதுவாகத் தோண்டினார். அத்தனை முளையும் ஒரே இடத்தில், விரல் ஆழத்தில், ஒரு பிடி விதையிலிருந்து கிளம்பியிருந்தன. காற்று இப்படிப் புதைக்காது. மனிதர்கள் கையால் வீசித்தான் தூவினார்கள். பக்கத்தில் நீண்ட பின்னங்காலின் தடம், வாலின் இழுவைக் கோடு.

அக்கா வாய்விட்டுச் சிரித்தார். கணவர் பதறி ஓடி வந்தார்.

“என்னாச்சும்மா? வெயில் தலைக்கு ஏறிடுச்சா?”

“என்னங்க, அவன் திருடன் இல்லீங்க!”

“யாரு?”

“குதியன்! எடுத்த விதையை எல்லாம் அங்கேயே தின்னுடல. கன்னத்துல அடைச்சுக்கிட்டுப் போய், அங்கங்க கொஞ்சம் கொஞ்சமா புதைச்சு வைக்கிறான். எடுக்காம விட்டது முளைக்குது பாருங்க. சுண்டெலி உடனே தின்னுடும். எறும்பு, முளைக்கவே முடியாத ஆழத்துக்குக் கொண்டுபோயிடும். இவன் ஒருத்தன்தான் சரியான ஆழத்துல நட்டுட்டுப் போறான். அவனைத்தான் நான் வெளிய தள்ளிக் கதவைச் சாத்தியிருக்கேன்!”

கணவர் புல்லைப் பார்த்தார். பிறகு வேலியைப் பார்த்தார். அவர் முகம் மாறியது.

“அப்போ இந்த வேலி?”

“பிரிக்கணும்.”

“நான் அடிச்ச வேலியை நானே பிரிக்கணுமா?”

“வேற யாரு பிரிச்சாலும் உங்களுக்குப் பிடிக்காதே.”

அது உண்மைதான் என்பதால் அவர் மிச்சத் தட்டுகளை ஏற்றப் போனார்.

அன்றைக்கே அக்கா மேலதிகாரியின் அறைக்குப் போனார். ஒரு கொத்துப் புல்லை மண்ணோடு பெயர்த்துச் சாப்பாட்டு டப்பாவில் வைத்துக் கொண்டுபோயிருந்தார். மேஜைமேல் வைத்தார். நடந்ததைச் சொன்னார். தன் கணிப்பு எங்கே பிசகியது என்பதையும் சுற்றிவளைக்காமல் சொன்னார்.

“ஒருத்தன் எவ்வளவு எடுக்கிறான்னு மட்டும் பார்த்தேன் மேடம். அவன் இருக்கிறதால மத்தவங்க எவ்வளவு எடுக்காம இருக்காங்கன்னு பார்க்கல.”

மேலதிகாரி கொத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “புதைச்சதை அவனே திரும்ப வந்து தோண்டித் தின்னுட மாட்டானா?”

“பெரும்பாலும் தின்னுடுவான். அதனாலதான் ஒண்ணு ரெண்டு மட்டும் முளைக்குது. ஆனா தோண்டுறது பெரிய வேலை மேடம். கிட்டத்துலேயே சுலபமா சாப்பாடு கிடைச்சா, எதுக்குத் தோண்டணும்? முதல்ல புல்விதை தூவுவோம். அவன் புதைக்கட்டும். அப்புறம் மழை வரைக்கும், மலிவான தானியத்தைக் கொஞ்சம் கொஞ்சமா போட்டுக்கிட்டே இருப்போம். எறும்பால தூக்க முடியாத பெரிய மணியா பார்த்து. சுண்டெலி கிட்ட வந்தா அவனே விரட்டிடுவான்.”

“விஷம் வாங்கச் சொல்ற உத்தரவுக்குப் பதிலா, எலிக்கு விருந்து வைக்க அனுமதி கேட்கச் சொல்றே.”

“ஆமாம் மேடம்.”

மேலதிகாரியின் பழைய சிரிப்பு அப்போதுதான் திரும்பி வந்தது. அறைக்கு வெளியே உட்கார்ந்திருந்தவர்கள் திடுக்கிட்டுத் திரும்பினார்கள்.

“ஒரு மழைக்காலம் வாங்கித் தரேன்,” என்றார். “என் தலையை அடகு வெச்சுத்தான் வாங்கணும். பார்த்துக்கோ.”

வாங்கியும் தந்தார். எப்படி வாங்கினார் என்பதை அவர் கடைசி வரை சொல்லவில்லை. தொலைபேசியில் அவர் போட்ட சத்தம் மட்டும் அலுவலகம் முழுக்கக் கேட்டதாம்.

வேலி பிரித்த நாளில் தெருவே வேடிக்கை பார்க்கப் போனது. பட்டறைக்காரர் கட்டர் மெஷினை எடுத்து முதல் கம்பியில் வைக்கும்போது கண்ணை மூடிக்கொண்டார். பொறி பறந்தது. “கண்ணாடி போட்டிருக்கீங்கல்ல, அப்புறம் எதுக்குக் கண்ணை மூடுறீங்க?” என்று யாரோ கேட்டார்கள். “பார்க்க முடியலைய்யா,” என்றார். பாதி வேலையில் அக்கா ஓடிவந்து தடுத்தார்.

“போதும்ங்க. இந்த மூலையை மட்டும் அப்படியே விட்டுடுங்க. வேலிக்குள்ள எப்படி, வெளிய எப்படின்னு எல்லாரும் கண்ணால பார்க்கட்டும்.”

ஒரு மூலையாவது பிழைத்ததே என்று அவர் அந்தப் பகுதியை மறுபடி மூடி, பற்றவைத்து, எண்ணெய் போட்டுத் துடைத்தார்.

விதை தூவினார்கள். அடுத்த சில காலைகளிலேயே குதியன் தடம் நிலமெங்கும் குறுக்கும் நெடுக்குமாகப் பதிந்தது. அங்கங்கே மணல் கிளறி மூடியிருந்தது. அக்கா ஒன்றையும் தோண்டிப் பார்க்கவில்லை; கை துறுதுறுத்தாலும் அடக்கிக்கொண்டார். பிறகு தானியம் போடும் வேலை. அதற்கு மாமியார் வந்து நின்றார்.

“எலிக்கு நான் பயப்படுவேன்னு யாரும் நினைக்க வேண்டாம்,” என்று பொதுவாக அறிவித்துவிட்டு, வாளியைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தார். ஒவ்வொரு பிடியாகப் போடும்போதும், “தின்னு, நல்லா தின்னு, புதைச்சதை மட்டும் தொடாதே,” என்று சொல்லிக்கொண்டே போனார்.

தட்டுகளும் ஒரு பக்கம் பேசிக்கொண்டிருந்தன. குதியன் திரும்பி வந்த இடங்களில் சுண்டெலிகள் பழையபடி ஓரத்துக்குப் போய்விட்டன. வானம்பாடிகள் திரும்பி வந்தன. எறும்புகள் ஒரேயடியாகக் குறையவில்லை. ஆனால் ஊர்வலம் மெலிந்தது. தனியாக நின்ற அந்த மூலை வேலிக்குள் மட்டும் சுண்டெலிகளின் ராஜ்ஜியம் நடந்தது.

மழை தாமதமாகத்தான் வந்தது. வந்தபோது கொட்டித் தீர்த்தது. அதற்கப்புறம் அக்கா நிலத்துப் பக்கமே போகவில்லை. நாளைக்குப் பார்க்கலாம், வெயில் வரட்டும், சாலையில் தண்ணீர் வடியட்டும் என்று ஏதாவது சாக்குச் சொன்னார். மாமியார்தான் பொறுமையிழந்தார்.

“கிளம்புடி. நீ வராட்டி நான் தனியா போயிடுவேன். அப்புறம் முதல்ல பார்த்தது நான்தான்னு தெரு முழுக்கச் சொல்லுவேன்.”

மூவரும் காலையில் போனார்கள். சாலை மேட்டில் வண்டியை நிறுத்தினார் கணவர். அக்கா இறங்கவில்லை, கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மாமியார் இறங்கி, கையை நெற்றியில் வைத்துப் பார்த்தார். அக்கா கண்ணைத் திறக்காமலே கேட்டார்.

“அத்தை?”

“கண்ணைத் திறந்து பாருடி என் தங்கமே!”

சாலை ஓரத்திலிருந்து கண்ணுக்கு எட்டிய தூரம் வரை பச்சைக் கொத்துகள். தூவிய விதை இப்படி வராது. கை தேர்ந்த ஒருவர் இடம்விட்டு இடம்விட்டு நட்டது மாதிரி நின்று, காற்றில் எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்து நிமிர்ந்தன. நடுவே கணவர் துடைத்து வைத்த அந்த மூலை வேலி மட்டும் மினுமினுத்துக்கொண்டு நின்றது. அதற்குள் மொட்டை மணல். கம்பிக்கு வெளியே ஒட்டினாற்போலப் புல். கோடு கிழித்தமாதிரி வித்தியாசம்.

அக்கா செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு ஓடினார். கொத்துகளை மிதிக்காமல், தாவித் தாவி ஓடினார். “பாருங்கம்மா, உங்க மருமக குதியன் மாதிரியே குதிக்கிறா,” என்றார் கணவர்.

அந்தக் காற்றுக்காலத்தில் மணல் எழும்பத்தான் செய்தது. எழும்பி, புல் கொத்துகளில் மோதி, அடியிலேயே உட்கார்ந்துவிட்டது. பள்ளிக்கூட வாசலில் மண்வெட்டிக்கு வேலை இல்லை. டீக்கடையில் பழைய கிண்டலைச் செய்தவர்களே, “அப்பவே சொன்னேன், எலியக்கா லேசுப்பட்ட ஆளில்லேன்னு,” என்று ஆளுக்கு ஆள் சொல்லிக்கொண்டார்கள்.

தலைமை அலுவலகத்துப் பெரியவர்கள் வந்து பார்த்தார்கள். மூலை வேலி அருகே போய் உள்ளே ஒரு முறை, வெளியே ஒரு முறை பார்த்தார்கள். விஷ உத்தரவு ரத்தானது. அடுத்த மாதம் நகர மண்டபத்தில் கூட்டம் போட்டார்கள். பாலைவனத்தை ஒட்டிய மற்ற ஊர்களிலிருந்தும் ஆட்கள் வந்திருந்தார்கள். அக்காவை மேடைக்கு அழைத்தார் மேலதிகாரி. மைக்கைப் பிடித்த அக்கா, முதலில் தான் கட்டிய வேலி ஏன் தோற்றது என்பதிலிருந்து ஆரம்பித்தார்.

“ஒரு நிலத்துல விதை தின்கிறவங்க நாலு பேர் இருந்தா, நாலு பேரும் தனித்தனியா தின்னல. ஒருத்தன் பக்கத்துல இருந்தா இன்னொருத்தன் எங்க தின்பான், எவ்வளவு தின்பான், எப்ப எழுந்து ஓடுவான், எல்லாமே மாறுது. ஒருத்தனை எடுத்துட்டா அவன் பங்கு நமக்கு மிஞ்சும்னு நினைச்சேன். மிஞ்சல. மத்தவங்க பந்தியில நகர்ந்து உட்கார்ந்துட்டாங்க.”

மண்டபம் சிரித்தது. அவர் முடித்தபோது எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். பின்வரிசையிலிருந்து மகள் இரண்டு விரலை வாயில் வைத்து விசிலடித்தாள். முன்வரிசையில் மாமியார், பக்கத்தில் இருந்த முன்பின் தெரியாத பெண்ணின் தோளைத் தட்டி, “என் மருமக, என் வீட்டுச் சல்லடை,” என்று இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னார்.

கூட்டம் முடிந்ததும் வெளியூர்க்காரர்கள் அக்காவை மொய்த்துக்கொண்டார்கள். எங்கள் ஊரில் குதியன் இல்லை, வேறு எலி இருக்கிறது என்றார் ஒருவர். எங்களுக்குப் பறவைதான் தொல்லை என்றார் இன்னொருவர். முதலில் எங்கள் ஊருக்குத்தான் வர வேண்டும் என்று இரண்டு பேர் அவர் கையை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு வாக்குவாதமே செய்தார்கள். நடுவில் நின்ற அக்கா, எட்டிப் பார்த்துக் கணவரைக் கண்டுபிடித்து, கூட்டத்தின் தலைக்கு மேலாகக் கத்தினார்.

“வரேன், எல்லா ஊருக்கும் வரேன்! காலையிலேருந்து பயத்துல ஒண்ணும் இறங்கல. முதல்ல என்னைச் சாப்பிட விடுங்க!”